சிரிக்கிற முகத்தைத் தொட்டுவிட்டேன்

போன மாதம் என்னை நீதிபதி ஆக்கிவிட்டார்கள்.

சிரிக்காதீர்கள். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் என்பது இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும். நோட்டில் நான் எழுதி அனுப்புவதில் எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொள்ளலாம், சொன்ன சங்கதியைத் திருத்தக் கூடாது — அதுதான் எனக்கும் பத்திரிகைக்கும் பேச்சு. இதுவரை இரண்டு பேரும் மீறவில்லை. அந்தத் தைரியத்தில்தான் போனேன்.

துடியலூர் பக்கம் ஒரு டிரஸ்ட். பம்ப் கம்பெனி வைத்திருக்கிற குடும்பம் நடத்துவது. கால் போனவர்களுக்குக் கால், கை போனவர்களுக்குக் கை, காது கேட்காதவர்களுக்கு மெஷின் என்று பல வருடமாகக் கொடுக்கிறார்கள். அதோடு வருடத்துக்கு ஒருவருக்கு ஃபெல்லோஷிப்.

அப்படியென்றால் என்ன? நானும் இதைத்தான் கேட்டேன். ஊனத்தைப் பற்றியும், ஊனமானவர்கள் மறுபடி எழுந்து நடமாடுவது பற்றியும் ஆராய்ச்சி செய்ய ஒரு தனி ஆளுக்குக் கொடுக்கிற உதவியாம். கல்லூரிக்கு இல்லை, ஆஸ்பத்திரிக்கு இல்லை... ஆளுக்கு. அந்த ஆள் பார்க்கிற வேலையை விட்டுவிட்டு, இரண்டு வருடம் ஒரே ஒரு கேள்வியோடு உட்கார்ந்திருக்கலாம். வீட்டுச் செலவை டிரஸ்ட் பார்த்துக்கொள்ளும்.

ஆளைத் தேர்ந்தெடுக்கிற குழுவில் ஊனமுள்ளவர் ஒருவர் இருக்க வேண்டும் என்று அவர்கள் விதியிலேயே எழுதியிருக்கிறதாம். டிரஸ்ட் தலைவர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர். போன் செய்தார்.

“ஏனுங்கம்மா, நீங்கதான் வரோணும். படிச்சவங்க ரெண்டு பேரு இருக்கறோம். நடந்து பாத்தவங்க ஒருத்தரு வேணுமுங்க.”

‘நடந்து பார்த்தவங்க’ என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. சரி என்றேன். போனை வைத்த பிறகுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது.

அவர் கொடுத்த கால் பரணில் இருந்தது.

எனக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. சிங்காநல்லூரில் மில் வேலை முடிந்து ரோட்டைக் கடக்கும்போது ஒரு லாரி எடுத்துக்கொண்டு போனது. பழைய கதை, அழ அதில் ஒன்றும் மிச்சமில்லை. அன்றிலிருந்து கக்கத்தில் கட்டை வைத்துத்தான் நடை. ஆறு வருடத்துக்கு முன் இந்தத் தலைவர் ஒரு கல்யாண மண்டபத்தில் மேடை போட்டு, என் மாதிரி ஆட்களுக்குச் செயற்கைக் கால் கொடுத்தார். எனக்கு மாட்டிவிட்டது அவரே. குனிந்து, அவர் கையால். போட்டோ இருக்கிறது.

நல்ல கால்தான். நிறம்கூட என் நிறம். ஆனால் சமதளத்தில் வாழ்கிறவர்களுக்கான கால் அது. என் வீட்டில் வாசல்படி ஓர் உயரம், பாத்ரூம் ஒரு பள்ளம். தரையில் உட்கார்ந்து காய் நறுக்க முடியாது. சித்திரை வெயிலில் உள்ளே வேர்த்து, வழுக்கி, தோல் உரிந்து... இரண்டே மாதத்தில் புண். கழற்றி, சென்னிமலைப் போர்வை ஒன்றில் சுற்றி, பரணில் தீபாவளிப் பலகாரம் சுடுகிற பெரிய வடச்சட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். வடச்சட்டியைப் போலவே அதுவும் விசேஷத்துக்கு மட்டும் இறங்கும்.

கொடுத்தவர் முன்னால் கட்டையோடு போய் நிற்பதா? இறக்கினேன். துடைத்தேன். மாட்டினேன்.

அந்த ஆபீஸ் மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. ஊனமானவர்களுக்கு உதவுகிற ஆபீஸ்கள் ஏன் மாடியிலேயே இருக்கின்றன என்று யாராவது ஒரு ஃபெல்லோஷிப் வாங்கி ஆராய்ச்சி செய்யலாம்.

கீழே நின்ற வாட்ச்மேன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு ஓடி வந்தார். “உக்காருங்கம்மா, தூக்கிட்டுப் போயிர்றோம்.”

“நான் என்ன அரிசி மூட்டைங்களா? நவுருங்க.”

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். ஒவ்வொரு படிக்கும் ஒரு மூச்சு. பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பினால் ஒரு பெண் — தலையில் முக்காடு, கையில் ஃபைல். நாற்பதுக்குக் கொஞ்சம் கீழே இருக்கலாம்.

“முந்திப் போ கண்ணு. நான் ஏறி முடிக்கச் சித்தே நேரமாகும்.”

“இருக்கட்டுங்கம்மா. உங்க பின்னாலயே வாரேன்.”

கை கொடுக்க வரவில்லை. உச்சுக் கொட்டவில்லை. நான்கு படி கீழேயே நின்று, நான் ஏற ஏற ஏறினாள். அவளையும் எனக்குப் பிடித்துப்போனது. அவள் கண் எதைப் பார்த்துக்கொண்டு வந்தது என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

மேலே எல்லோரும் செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார்கள். எனக்கு மட்டும் விலக்கு. செயற்கைக் காலைச் செருப்பின் உயரத்துக்கு அளவெடுத்திருப்பார்கள். செருப்பைக் கழற்றினால் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவேன். ஆக, அந்த அறைக்குள் இருந்தது என் ஒரு ஜோடி செருப்பு மட்டும்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

குழுவில் மூன்று பேர். தலைவர், ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டர் அம்மா, நான். மார்க் போட ஆளுக்கு ஒரு தாள். எனக்கு மட்டும் பெரிய எழுத்தில் அச்சடித்து வைத்திருந்தார்கள். மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

முதலில் வந்த பையன் இன்ஜினியர். மெஷின் கை செய்திருந்தான். அது மேஜைமேல் இருந்த டம்ளரைத் தூக்கியது, தண்ணீர் சிந்தாமல் வைத்தது. தலைவர் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார். மோட்டார் என்ன, பேரிங் என்ன, சூடாகுமா... பம்ப் செய்கிறவர் அல்லவா? அவன் போகும்போது நாங்கள் மூன்று பேரும் சிரித்த முகமாக இருந்தோம்.

அடுத்து வந்தது படிக்கட்டில் பார்த்த பெண். பெயர் நசீமா. உக்கடம் பக்கம் வீடு. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி வேலை. இதே ஃபெல்லோஷிப்புக்கு மூன்றாவது தடவையாக வருகிறாள். அடுத்த வருடம் வர முடியாது, வயது வரம்பு தாண்டிவிடும் என்று தாளில் போட்டிருந்தது. கிடைத்தால் இன்று. இல்லாவிட்டால் இல்லவே இல்லை.

“சொல்லுங்க அம்மணி. மூணாவது தடவையா வந்திருக்கறீங்க. அதே கேள்விதானுங்களா?” என்றார் தலைவர்.

“அதே கேள்விதானுங்க சார். குடுத்த காலை ஏன் போட்டுக்க மாட்டேங்கறாங்க?”

தலைவர் கோபப்படவில்லை. அவர் கோபப்படுகிற ஆள் இல்லை. பக்கத்திலிருந்த ஒரு தடிப் புத்தகத்தை எடுத்து அவள் முன்னால் விரித்தார்.

“போட்டுக்க மாட்டேங்கறாங்கன்னு நீங்களே முடிவு பண்ணிப்போட்டீங்க. நாங்க கால் குடுத்த அடுத்த வருசமே ஊடு ஊடா ஆளனுப்பிக் கேட்டிருக்கறோம். எல்லாம் இதுல இருக்குது, பாருங்க.”

எட்டிப் பார்த்தேன். படிக்காதவர்களும் பதில் சொல்வதற்காக முகங்கள் வரைந்திருந்தார்கள். அழுகிற முகத்தில் ஆரம்பித்து, வாய்கொள்ளாமல் சிரிக்கிற முகம் வரைக்கும் ஐந்து. பக்கத்துக்குப் பக்கம் கடைசி முகத்தில் டிக்... டிக்... டிக்.

அந்த முகங்களை எனக்குத் தெரியும்.

ஐந்து வருடத்துக்கு முன் ஒருநாள் காலையில் அந்த சர்வேக்காரர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். டிரஸ்ட்டிலிருந்து என்றார். “வாங்க, உக்காருங்க” என்று தண்ணீர் கொடுத்துவிட்டு, நொண்டிக்கொண்டே உள்ளே போய், பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டுப் பரணிலிருந்து காலை இறக்கி, மாட்டிக்கொண்டுதான் வெளியே வந்தேன். காப்பி கொடுத்தேன். அவர் முகங்களை நீட்டினார்.

“கால் எப்படீங்கம்மா இருக்குது? தொட்டுக் காட்டினாப் போதுமுங்க.”

நீங்களே சொல்லுங்கள். கொடுத்தவர் வீட்டு ஆள், வெயிலில் வந்திருக்கிறார், என் காப்பியைக் குடித்துக்கொண்டிருக்கிறார். அவர் முன்னால் அழுகிற முகத்தைத் தொடுவது மரியாதையா? கல்யாண வீட்டில் சாம்பாரில் உப்புக் கரித்தாலும், பெண்ணின் அப்பா வந்து “சாப்பாடு எப்படீங்க?” என்றால் நம் பக்கத்தில் யாராவது “உப்புங்க” என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

சிரிக்கிற முகத்தைத் தொட்டுவிட்டேன்.

அது இப்போது அச்சாகி, பைண்டு செய்து, ஒரு பெண்ணின் வழியில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

தலைவர் அதோடு நிறுத்தவில்லை. என் பக்கம் கையை நீட்டினார். “புஸ்தகம் எதுக்குங்க? இந்த அம்மாவையே பாருங்க. நாங்க குடுத்த காலுதான். மாடிப்படி ஏறி வந்திருக்கறாங்க.”

நசீமா என்னைப் பார்த்தாள். ஒரு நொடி. பிறகு ஃபைலைப் பார்த்தாள்.

டாக்டர் அம்மா கேட்டார்: “சரிம்மா, அவங்க நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்கன்னு வெச்சுக்கோ. நீ மட்டும் எப்படிக் கண்டுபிடிப்பே?”

“நான் மொதல்ல கேக்க மாட்டேனுங்க டாக்டர். செருப்பைப் பாப்பேன்.”

“செருப்பையா?”

“எங்க அத்தா செருப்புக் கடை வெச்சிருந்தாருங்க. அறுந்த செருப்பைக் குடுத்துட்டுப் போனா, அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாத்தே ஆளு எப்படி நடக்கறாங்கன்னு சொல்லிருவாரு. ஒரு ஜோடிச் செருப்பு ஒரே நாள்ல வாங்கினது. ரெண்டும் ஒண்ணாத் தேயணுமில்லீங்களா? ஒண்ணு தேஞ்சு, ஒண்ணு கடையில வாங்கின மாதிரியே இருந்துச்சுன்னா... அந்தக் காலு தரையில படலைன்னு அர்த்தமுங்க.”

என் வலது கால் தானாகவே நாற்காலிக்கு அடியில் போனது. செயற்கைக் காலுக்கு அந்த வேகம் இருக்கும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

இடது செருப்பு குதிகாலில் காகிதமாகத் தேய்ந்திருந்தது. வலது செருப்பின் அடியில் கம்பெனி எழுத்துகூட அழியவில்லை. அதை அறைக்குள் யாரும் பார்க்கவில்லை. ஆனால் படிக்கட்டில் நான்கு படி கீழே, என் செருப்பு அவள் கண்ணுக்கு நேராக ஏறி வந்திருக்கிறது.

பார்த்துவிட்டாள். பார்த்துக்கொண்டேதான் வந்திருக்கிறாள்.

“சரிங்க அம்மணி, அப்படி ஒரு ஆளைக் காட்டுங்க. ஒரே ஒருத்தரு. நான் ஒத்துக்கறேன்” என்றார் தலைவர்.

அவள் ஒரு விரலை நீட்டினால் போதும். மூன்று தடவை அலைந்த அலைச்சல் முடிந்தது.

“காட்டக் கூடாதுங்க சார். இன்னிக்கு ஒருத்தரைக் காட்டிக் குடுத்துட்டா, நாளைக்கு எந்த ஊட்லயும் எங்கிட்ட உண்மை பேச மாட்டாங்க.”

“அப்பப் புரூஃப் இல்லை.”

“இல்லீங்க சார்.”

ஃபைலை மூடிக்கொண்டு வணக்கம் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள்.

தலைவர் பேனாவை எடுத்தார். “நல்ல பொண்ணுதானுங்க. ஆனா முடிஞ்சுபோன விசயத்துக்கு ரெண்டு வருசமா? அந்த மெஷின் கைப் பையனுக்கே போட்டுரலாமுங்களா?”

நான் பேனாவைத் தொடவில்லை. எனக்கு மானம் பெரிது. மில்லில் சூப்பர்வைசர் முன்னால்கூடத் தலை குனிந்ததில்லை. கட்டை வைத்து நடந்தாலும் யாரும் என்னைப் பொய்க்காரி என்று சொன்னதில்லை. இந்த மேஜையில், இந்த மனிதர் முன்னால், அதை நானே சொல்லிக்கொள்ள வேண்டுமா? பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். யாருக்கும் தெரியாது.

அவளுக்குத் தெரியும். அதுதான் தொந்தரவு.

“ஏனுங்க தம்பி...” என்றேன் தலைவரிடம். “அந்தப் புஸ்தகத்துல இருக்கற சிரிக்கற முகத்துல ஒண்ணு நான் தொட்டதுங்க.”

“அதைத்தானுங்கம்மா நானும் சொல்றேன்.”

“அது பொய்யிங்க.”

இரண்டு காலையும் முன்னால் நீட்டினேன். பாதங்களைத் தூக்கி, செருப்பின் அடிப்பக்கம் தெரிகிற மாதிரி வைத்தேன். நாலு பேர் முன்னால் காலை நீட்டக் கூடாது என்று வளர்ந்தவள். என்ன செய்வது?

“இந்தக் காலு நேத்துத்தானுங்க அட்டாலியில இருந்து எறங்குச்சு. உங்களைப் பாக்க வரோணுமேன்னு போட்டுட்டு வந்தேன். உள்ள ரத்தம் கட்டிருச்சு.”

டாக்டர் அம்மா எழுந்து வந்து குனிந்தார். தலைவர் குனியவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே இரண்டு செருப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்ற கையால மாட்டிவிட்டேனுங்களேம்மா...”

“அதனாலதானுங்க சொல்லலே.”

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மாத்திக் குடுத்திருப்பேனே. ஆளனுப்பிக் கேட்டேனே!”

“கேட்டீங்க. பதில் சொல்றாப்பல கேக்கலீங்க.”

டாக்டர் அம்மா என் காலுக்குப் பக்கத்தில் குந்தியபடியே சிரித்தார். “எங்கிட்டயும் இதே கதைதான் சார். ‘நல்லாப் போச்சுங்க டாக்டர், நீங்க குடுத்த மாத்திரை தேவாமிர்தம்’னு கும்பிட்டுட்டுப் போவாங்க. அடுத்த வாரம் வேற டாக்டர் வாசல்ல நிப்பாங்க.”

தலைவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் மனிதர் கணக்காகத்தான் யோசித்தார். “அப்ப இன்னொரு சர்வே எடுத்துப்போட்டாத் தீந்துதுங்களே. அதுக்கு எதுக்கு ஃபெல்லோஷிப், ரெண்டு வருசம்?”

“தம்பி, அந்த சர்வேக்காரரு நல்ல மனுசருங்க. ஆனா அன்னிக்கு அவருக்கு இன்னும் எத்தனையோ ஊடு பாக்க வேண்டியிருந்துச்சு. காப்பியக் குடிச்சாரு, டிக் போட்டாரு, கெளம்பிட்டாரு. நம்ம ஊர்ல மொதக் காப்பிக்கு மரியாதைதானுங்க வரும். உண்மை ரெண்டாவது காப்பிக்குத்தான் வரும். அதுவரைக்கும் உக்கார்றதுக்கு, வேற சோலி இல்லாத ஒரு ஆளு வேணுமுங்க.”

எனக்கே அப்போதுதான் ஃபெல்லோஷிப் என்றால் என்னவென்று விளங்கியது. ஆராய்ச்சி என்றால் பெரிய மெஷின், பெரிய புத்தகம் என்று நினைத்திருந்தேன். எங்களைப் போன்றவர்களின் மரியாதை தீர்கிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க ஓர் ஆளை ஏற்பாடு செய்வதும் அதில் சேர்த்திதான் போலிருக்கிறது.

தலைவர் அந்தத் தடிப் புத்தகத்தை மூடினார். கொஞ்ச நேரம் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு வெளியே பார்த்துச் சொன்னார்: “அந்தப் புள்ளையக் கூப்பிடுங்க.”

நசீமா வந்தாள். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

“அம்மணி, ஆஸ்பத்திரியில சொல்லிப்போட்டு வந்துருங்க. இந்த வருசம் உங்களுக்குத்தான்” என்றார். “ஒரே ஒரு கண்டிசன். மொத ஊடு இந்த அம்மாவோடதா இருக்கோணும்.”

அவள் தலைவரைப் பார்க்கவில்லை. நீட்டியபடியே இருந்த என் காலைப் பார்த்தாள். முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மெஷின் கைப் பையனுக்கு வயது இருக்கிறது. அடுத்த வருடம் வருவான். அதற்குள் அவன் கை சட்டைப் பித்தானும் போடும்.

இறங்கும்போதும் அவள் என்னோடுதான் இறங்கினாள். இந்தத் தடவை முன்னால்.

“படியிலயே பாத்துட்டயா கண்ணு?”

“பாத்தேனுங்கம்மா.”

“அப்பறம் ஏன் சொல்லலே? ஒரே பேச்சுல முடிஞ்சிருக்குமே.”

“அத்தனை படி அந்தக் காலோட நீங்க எதுக்காக ஏறி வந்தீங்கன்னு தெரிஞ்சுதுங்கம்மா. அதைப் போய் எப்படிச் சொல்றது?”

பாருங்கள்... ஆராய்ச்சி செய்ய வந்தவளுக்கும் அதே மரியாதை வியாதி.

போன வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தாள். ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? உள்ளே போய்க் காலை மாட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். இத்தனை நடந்த பிறகும்! ஃபிளாஸ்கில் தயாராக வைத்திருந்த காப்பியை ஊற்றிக் கொடுத்தேன். அவள் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகக் குடித்தாள். வெயில், மழை, அவள் அம்மாவின் முழங்கால் வலி எல்லாம் பேசினோம். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

“அப்பறம்... காலு எப்படீங்கம்மா இருக்குது?”

“அருமையா இருக்குது கண்ணு” என்றேன்.

சத்தியமாக, நான் சொல்லவில்லை. என் வாய் சொன்னது.

அவள் சிரிக்கவில்லை. நோட்டைத் திறக்கவும் இல்லை. காலி டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். தலைவர் சொல்லிக்கொடுத்துவிட்டார் போலிருக்கிறது.

“இன்னொரு காப்பி கிடைக்குங்களாம்மா?”

ஃபிளாஸ்கில் இல்லை. அடுப்புமுன் நின்று பால் காய்ச்ச வேண்டும். எழுந்து இரண்டடி வைத்தேன். மறுபடி உட்கார்ந்து, காலைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, கட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

பின்னால், பேனா மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது.